கை எங்கே இருந்தது

இரவு இரண்டே முக்காலுக்கு
போர்ட்டபிள் மெஷினைத் தள்ளிக்கொண்டு போகிறேன்.
இடது முன்சக்கரம் கீச்சிடுகிறது.
மூன்று மாதமாகச் சொல்லியிருக்கிறேன்.
பெரியாஸ்பத்திரி வராந்தாவில்
போர்வைக்குள் சுருண்டவர்கள்
கண் திறக்காமலே காலை மடக்கி வழிவிடுகிறார்கள்.

பேபி ஆஃப் தங்கப்பேச்சி.
இருபத்தெட்டு வாரம். எண்ணூற்று எழுபது கிராம்.
முழங்கை மடிப்பில் நுழைந்திருக்கிறது குழாய்,
சேமியாவைவிட மெல்லிசு.
தோளைக் கடந்து நெஞ்சுக்குள் இறங்கி
இதயத்தின் வாசலில் நிற்கவேண்டும்.
வாசலில்தான். படி தாண்டக்கூடாது.
சில நாள் கழுத்துப் பக்கம் ஏறிவிடும்,
பெரியார் என்று ஏறி
ஆரப்பாளையத்தில் இறங்கியவன் மாதிரி.
அது படத்தில் தெரியும். திருப்பி இழுக்கலாம்.

போன புரட்டாசியில் ஒரு குழந்தை.
படம் நான்தான் எடுத்தேன்.
நுனி சரியான இடம்.
டாக்டர் நிலோஃபர் பார்த்து டிக் அடித்தார்.
எடுக்க வசதியாக, கையை விரித்துப்
பிடித்திருந்தார் சிஸ்டர்.
முடிந்ததும் துணியில் சுற்றி
கையை மடக்கி உடம்போடு சேர்த்தோம்,
கதகதப்பாக, வயிற்றில் இருந்தபடி.
கை மடங்க மடங்க
குழாய் உள்ளே போயிருக்கிறது.
ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு.
அந்த வயதில் இதயத்தின் சுவர்
வெங்காயச் சருகு.

மூன்றாம் நாள் விடியலில் துடிப்பு இறங்கியது.
எக்கோ வைத்துப் பார்த்தால்
இதயத்தைச் சுற்றி நீர்.
ஊசி குத்தி இழுத்தார்கள்.
ரத்தம் வரவில்லை.
பாலாக, வெள்ளையாக வந்தது
நாங்கள் கொடுத்த சாப்பாடு.

என் படத்தில் தப்பில்லை.
விசாரணையில் அப்படித்தான் எழுதினார்கள்.
வீட்டில் நான் சொல்லவில்லை.
தோசை எத்தனை என்றாள். மூன்று என்றேன்.

இன்று சாயங்காலம் வார்டுக்கு வெளியே
தங்கப்பேச்சியின் வீட்டுக்காரர் ஒச்சப்பன்,
செல்லம்பட்டிப் பக்கம் போர்வெல்லுக்கு மோட்டார் இறக்குகிறவர்.
டாக்டர் காகிதத்தை வாசித்துக்காட்டும்போது
பாதியில் நிறுத்தினார்.
"எத்தனை இறக்கப்போறீக?"
"எட்டு சென்டிமீட்டர்."
"குழாய்ல அடையாளம் போட்டுருக்கா?"
"இருக்கு."
"குறைஞ்சா காத்து இழுக்கும். கூடுனா
சேத்துல உக்காந்துரும்.
கூடுனதுதேன் மோசம். மோட்டார்
புகைஞ்சப்புறம்தேன் மேல இருக்கவனுக்குத் தெரியும்."
டாக்டர் கொஞ்சநேரம் பேசவில்லை.
அவர் கையெழுத்துப் போட்டார்.
நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

இப்போது உள்ளே.
தட்டைத் துணியில் சுற்றி, வெதுவெதுப்பானபின்
முதுகுக்கடியில் நுழைக்கிறேன்.
சிஸ்டர் ஃபிலோமினா, பழக்கத்தில்,
கையை விரிக்கிறார்.
வேண்டாம் சிஸ்டர்.
எப்படித் தூங்குமோ அப்படியே வையுங்க.
உடம்போட. முழங்கை மடங்கி.
தள்ளிக்கோங்க.

திரையில்
மீன்முள் மாதிரி விலா எலும்புகள்.
அதன் நடுவே ஓர் இழை.
நுனி, படி தாண்டி உள்ளே நிற்கிறது.

டாக்டர் டேப்பைப் பிரித்து
ஒரு சென்டிமீட்டர் வெளியே எடுத்தார்.
ஒன்றரைப் பச்சரிசி நீளம் இருக்கும்.
மறுபடி ஒரு படம்.
எண்ணூற்று எழுபது கிராமுக்கு
இரண்டாம் தடவை கதிர்.
அதையும் நோட்டில் எழுதுகிறேன்.
இப்போது வாசலில் நிற்கிறது,
இந்த நிமிஷத்துக்கு.

படத்தின் ஓரத்தில்
தேதி, நேரம், வலது, இடது.
கூடவே நான் எழுதும் ஒரு வரி,
எந்தப் படிவத்திலும் இடமில்லாதது:
கை மடங்கி, உடம்போடு.

திரும்பும்போது ஒச்சப்பன் எழுந்தார்.
"நின்னுருச்சா?"
"நின்னுருச்சு. நாளைக்கும் பாக்கணும்."
"பாக்கத்தேன் வேணும். நம்ம கண்ணு மறைவுல
பைப்பு நகரும்."
பிறகு குனிந்து மெஷினின் அடியைப் பார்த்தார்.
"சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெ விடலாம்ல?"
மூன்று மாதமாகச் சொல்லியிருக்கிறேன் என்றேன்.